தையரோவா முனையில் ஒரு மணி நேரம்: டுனீடின் ராயல் ஆல்பட்ராஸ் மையம்

முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் எடுங்கள். டுனீடினில் இருப்பவர்களுக்கும், நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். தையரோவா முனையில் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை கூடு கட்டும் இடத்தில் இருக்கும் ராயல் ஆல்பட்ராஸ் மையத்துக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை நல்ல வெயில், இலை அசையவில்லை, கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. படம் எடுக்க அருமையான நாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன். ஒரு மணி நேரமும் பறவைகள் புல்லில் உட்கார்ந்தே இருந்தன. மூன்று மீட்டர் நீளும் சிறகு மடித்து வைத்தபடி அப்படியே இருந்தது. மூன்றாம் முறை போனது கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற தென்மேற்குக் காற்றில். அன்றுதான் ஆல்பட்ராஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்றாவது முறை அப்பாவும் கூட இருந்தார். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரிலிருந்து வந்திருந்தார். எழுபத்தொரு வயது. கட்டுமரத்தில் பாய் விரித்துத் தொழில் தொடங்கி, பிறகு விசைப்படகில் லட்சத்தீவுப் பக்கம் வரைக்கும் போய் ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் ஏகப்பட்ட முள் தொங்கும் தூண்டில்) போட்டவர். சுறாவும் கேரையும் பிடித்த கை. இங்கே வந்து பத்து நாள் வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கடலைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். என் மகனுக்கும் அன்றைக்குப் பள்ளி விடுமுறை. மார்ச் 23-ஐ ஒட்டி வரும் திங்கள்கிழமை, ஒட்டாகோ ஆண்டு நாள். 1848 மார்ச் 23 அன்று 'ஜான் விக்லிஃப்' என்ற கப்பல் ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபைக் குடியேறிகளின் முதல் கூட்டத்தை இந்தத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கான விடுமுறை. அவர்களுக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இங்கே மாவோரிகள் வாழ்ந்து வந்தார்கள். அந்த முனையின் பழைய பெயர் புக்கெகுரா. தையரோவா என்பது ஙாய் தாஹு குலத் தலைவர் ஒருவரின் பெயர்.

ஊரிலிருந்து முனைக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் முப்பது கிலோமீட்டர்தானே என்று நினைத்து அரை மணி நேரத்துக்கு முன் கிளம்பாதீர்கள். துறைமுகத்தின் ஓரத்தை ஒட்டியே வளைந்து வளைந்து போகிற ரோடு. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் நேராகத் தண்ணீர். போர்ட்டபெல்லோ தாண்டியதும் இன்னும் குறுகும். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டாதவர்களுக்குக் கஷ்டம்தான்; யாராவது நண்பரைப் பிடிக்க வேண்டும், அல்லது ஊரிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேனில் போக வேண்டும்.

போகிற வழியில் எதிர்க்கரையில் போர்ட் சாமர்ஸ் தெரியும். அப்பாவிடம் அந்தத் துறைமுகத்தைக் காட்டி, 1882 பிப்ரவரி 15 அன்று 'டுனீடின்' என்ற பாய்மரக் கப்பல் அங்கிருந்துதான் முதன்முதலாக உறைய வைத்த ஆட்டிறைச்சியை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பியது என்று சொன்னேன். 98 நாள் பயணம். ஐஸ் கட்டி தீர்ந்துபோவதற்குள் கரை திரும்பணுமே என்று ஆயுசு பூராவும் கணக்குப் போட்டவர் அவர். "பாய்க்கப்பல்ல எப்படி மக்ளே குளிர் நிக்கும்?" என்று கேட்டார். கப்பலுக்குள் நீராவியில் ஓடுகிற குளிரூட்டும் இயந்திரம் இருந்தது என்றேன். நிலநடுக்கோட்டைத் தாண்டியும் கறி கெடவில்லையா என்று அதற்கப்புறமும் இரண்டு முறை கேட்டுவிட்டார். அதே துறையிலிருந்துதான் 1910 நவம்பர் 29 அன்று துருவப் பயணி ஸ்காட்டின் 'டெரா நோவா' கப்பல் தென் துருவத்தை நோக்கிக் கிளம்பியது. இந்த இரண்டு கப்பலும் நாங்கள் போய்க்கொண்டிருந்த முனையைச் சுற்றித்தான் வெளிக்கடலுக்குப் போயிருக்கும். அப்போது அந்த முனையில் ஒரு ஆல்பட்ராஸ் கூடும் கிடையாது.

மையத்தில் இறங்கினால் முதலில் கேட்பது சிவப்பு மூக்குக் கடற்காகங்களின் கத்தல். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி அதுகளுடைய ராஜ்ஜியம். தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. உள்ளே கண்காட்சி, சாப்பாட்டுக் கடை, சாமான் கடை. கண்காட்சியில் சிறகை விரித்த அளவில் ஒரு உருவம் இருக்கிறது. மகன் அதன் கீழே நின்று கையை நீட்டிப் பார்த்தான், பாதிகூட எட்டவில்லை. சுற்றுலா தொடங்குவது ஒரு சிறு அறையில், வழிகாட்டியின் பேச்சோடு. இதைச் சம்பிரதாயம் என்று நினைத்துப் பிந்திப் போய்விடாதீர்கள். மேலே போய்க் கண்ணாடி வழியாக என்ன பார்க்கிறோம் என்பது இந்தப் பேச்சில்தான் புரிகிறது.

அங்கே சொன்னதையும் நான் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே இருப்பது வடக்கு ராயல் ஆல்பட்ராஸ். மாவோரியில் தொரோவா. பெரும்பாலான ஜோடிகள் கூடு கட்டுவது இங்கிருந்து கிழக்கே வெகு தொலைவில், சாத்தம் தீவுகளை ஒட்டிய பாறைத் திட்டுகளில். மனிதர்கள் வசிக்கும் பெருநிலத்தில் இந்தப் பறவை கூடு கட்டும் இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை. நவம்பர் வாக்கில் இட்டால், ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ எண்பது நாள் அடைகாத்து, ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் குஞ்சு வரும். அந்தக் குஞ்சு பறப்பதற்கு இன்னும் எட்டு மாதம். பறந்தால் நேராகப் பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கக் கரை. நாலைந்து வருடம் காலில் மண் படாது. பிறகு பிறந்த இதே மேட்டுக்குத் திரும்பி வந்து, துணை தேடி, எட்டு ஒன்பது வயதில்தான் முதல் முட்டை. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ப் பயலுக மாதிரியே" என்றார். வளைகுடாவுக்குப் போனவர்களைச் சொல்கிறார்.

இந்த முனையில் முதல் முட்டை கண்டது 1920-ல். முதல் குஞ்சு பறந்து போனது 1938-ல். இடையில் பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடத்தில் முட்டை வந்தது, மனிதர்கள் எடுத்துப்போனார்கள், உடைத்தார்கள், குஞ்சு பொரித்தால் நாய் கடித்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதை மாற்றியவர் லான்ஸ் ரிச்டேல். விஞ்ஞானியாகச் சம்பளம் வாங்கியவர் இல்லை. பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். ஓய்வு நேரத்தில் பறவை பார்த்தவர். 1937-ல் இந்த மேட்டிலேயே கூடாரம் போட்டுக் காவல் இருந்தார். அடுத்த ஆண்டு ஒரு குஞ்சு பறந்தது. இன்றைக்கு நாம் பறவை பார்க்கும் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். இதைச் சொன்னபோது வழிகாட்டிப் பெண்ணின் குரல் சற்றுத் தாழ்ந்தது. தினம் நாலைந்து முறை இதே கதையைச் சொல்கிறவர். அப்படியிருந்தும்.

பிறகு மேலே ஏற வேண்டும். சில நிமிட நடைதான், ஆனால் ஏற்றம், வளைந்து போகும் பாதை, அன்றைக்கு முகத்தில் அறைகிற காற்று வேறு. மூட்டு வலி உள்ளவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் முன்பே மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டார். நடுவில் ஒரு இடத்தில் நின்று கலங்கரை விளக்கத்தையும் எதிரே அரமோவானா அலைத்தடுப்புச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேராக வைத்து இடம் குறிக்கிற பழக்கம் அவருக்கு எந்தக் கடலுக்குப் போனாலும் போகாது. கலங்கரை விளக்கம் 1865-ல் ஏற்றியது. இந்த மேட்டுக்கு அடியில் 1889-ல் வைத்த ஆம்ஸ்ட்ராங் பீரங்கி ஒன்று குழிக்குள் இருக்கிறது. ரஷ்யக் கப்பல்கள் வந்துவிடும் என்று பயந்த காலத்தில் கட்டிய கோட்டை. சுட்டதும் பின்னடைவின் வேகத்திலேயே குழிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும் பீரங்கி. அதைப் பார்க்கத் தனிச் சுற்று உண்டு. நாங்கள் எடுக்கவில்லை.

பார்வைக் கூடம் கண்ணாடிச் சன்னல் வைத்த, மங்கலான, நீளமான அறை. பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தொலைநோக்கி அங்கேயே இருக்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது, புல் மட்டும்தான். பிறகு ஒரு வெள்ளைப் பொதி தெரியும். அது குஞ்சு. ஏழெட்டு வாரம் ஆனது, முழுக்கப் பஞ்சு, தனியாகக் கூட்டில் உட்கார்ந்திருந்தது. முதல் ஐந்து வாரம் தாயோ தகப்பனோ மாறி மாறிக் கூடவே இருக்கும். அதற்கப்புறம் இரண்டும் இரைக்குக் கிளம்பிவிடும், சில நாளுக்கு ஒரு முறை வந்து ஊட்டிவிட்டுப் போகும். "பயமா இருக்காதா அதுக்கு?" என்று மகன் கேட்டான். வழிகாட்டி அவனுக்குக் கூட்டுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஒரு குழாய் போவதைக் காட்டினார். வெயில் ஏறிக் காற்று நின்றுவிட்டால் குஞ்சுகளுக்குச் சூடு தாங்காது, அப்போது தண்ணீர் தெளிப்பான் போடுவார்கள். முட்டை பொரிக்கும் தறுவாயில் கூட்டிலிருந்து நிஜ முட்டையை எடுத்து அடைகாப்பானில் வைத்து, பொய் முட்டை ஒன்றை அடியில் வைத்துவிடுவார்கள். ஈ மொய்த்துப் புழு வைக்கும் ஆபத்து அந்த நேரத்தில்தான் அதிகம். குஞ்சு பத்திரமாக வெளியே வந்ததும் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு பெற்றோர் கடலில் போய்த் திரும்பாவிட்டால் குஞ்சுக்குக் கூடுதல் தீனி. மரநாய், காட்டுப் பூனை, எலி எல்லாவற்றுக்கும் பொறி. இத்தனையும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வனக்காவலர்கள் செய்கிற வேலை.

அப்போதுதான் அது வந்தது. கண்ணாடிக்கு வலப்பக்கம் இருந்து, கண் மட்டத்தில். சத்தமே இல்லை. சிறகு அடிக்கவே இல்லை. தோளில் ஒரு தசைநார் பூட்டு இருக்கிறது, விரித்த சிறகை அப்படியே பிடித்துக்கொள்ளும், அதனால் களைப்பே கிடையாது என்று கீழே கேட்டிருந்தோம். கேட்டது வேறு, பார்ப்பது வேறு. கடலை ஒட்டிக் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் அடிக்கிறதே, அந்த வித்தியாசத்தில்தான் அது ஏறுகிறது. காற்றை எதிர்த்து மேலே ஏறும், திரும்பிக் காற்றோடு சரிந்து இறங்கும், அந்த வேகத்தில் மறுபடி ஏறும். அப்பாவுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையை விரித்து அது சாய்வதையே சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். "பாய் மாதிரி. கச்சான்ல பாயைச் சாச்சுப் பிடிச்சா வள்ளம் இப்படித்தான் போகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சின்னதுல எங்க அம்மை சொல்லுவா, அண்டரண்டப் பட்சி. ஆளைத் தூக்கிட்டு ஏழு கடல் தாண்டும்னு. இதைப் பாத்தவன்தான் சொல்லியிருக்கணும்" என்றார். நம் கடலில் ஆல்பட்ராஸ் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் அவரை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

இறங்கும்போது அத்தனை அழகும் போய்விடும். வாலை விசிறியாக விரித்து, காலிரண்டையும் முன்னால் நீட்டி, புல்லில் குப்புற விழாத குறையாக வந்து நின்றது. பிறகு தலையை ஆட்டி ஆட்டி நடந்து குஞ்சிடம் போனது. குஞ்சு அலகைத் தட்டியது. கணவாய் செரித்த எண்ணெய்க் கூழ் வாய்க்கு வாய் போனது. அந்தப் பக்கம் மேட்டில் நாலைந்து இளவட்டங்கள் கூடி, ஒன்று சிறகு முழுவதையும் விரித்து, கழுத்தை வானத்துக்கு நீட்டிக் கத்த, மற்றவை சுற்றி நின்று பார்த்தன. துணை தேடும் வயசு.

கேள்வி நேரத்தில் அப்பா என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "தூண்டில்ல இது மாட்டுமா?" வழிகாட்டி அவரை ஒரு கணம் பார்த்தார். நான் அப்பாவின் தொழிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன பதிலெல்லாம் அப்பாவைப் பார்த்தே. ஆயிரங்கால் தூண்டிலை விடும்போது இரை உடனே தாழாது, கொஞ்ச நேரம் மேலேயே மிதக்கும். அதைக் கொத்துகிற பறவை முள்ளோடு சேர்ந்து தண்ணீருக்குள் இழுபட்டு மூழ்கிச் சாகும். ஆல்பட்ராஸ் இனங்களுக்குக் கடலில் இருக்கும் பெரிய ஆபத்துகளில் இது ஒன்று. தடுக்க வழி இருக்கிறது. படகின் பின்னால் ஒரு கம்பம் நட்டு, அதிலிருந்து வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறு ஒன்றை இரைக்கு மேலாகப் போகும்படி கட்டுவது. ஜப்பான் மீனவர்கள் கண்டுபிடித்தது. இரவில் மட்டும் தூண்டில் விடுவது. முள்ளுக்குப் பக்கத்தில் கனம் கட்டி இரையைச் சீக்கிரம் தாழ்த்துவது. ஆல்பட்ராஸ்களையும் அவற்றின் உறவுப் பறவைகளையும் காக்க நாடுகள் 2001 ஜூன் 19 அன்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடத் தொடங்கின. 2004-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2020 முதல் அந்த ஜூன் 19-ஐ உலக ஆல்பட்ராஸ் நாளாக வைத்திருக்கிறார்கள்.

அப்பா ஈயக் கனத்தை முள்ளிலிருந்து எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளிக் கட்டுகிறார்கள் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு விவரமாகத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, இவர் எப்படிக் கட்டுவார் என்று திருப்பிக் கேட்டார். அப்பா தன் மஃப்ளரை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினார். மற்றப் பயணிகளும் நின்று பார்த்தார்கள். டிக்கெட் மலிவில்லை, குடும்பத்தோடு போனால் கை தயங்கும். ஆனால் இப்படி ஒரு வழிகாட்டி கிடைத்த ஒரு மணி நேரத்துக்கு நான் இன்னொரு முறையும் கொடுப்பேன். மையத்தை நடத்துவது 1967-ல் தொடங்கிய ஒட்டாகோ தீபகற்ப அறக்கட்டளை.

மகனுக்குப் பிடித்தது கிராண்ட்மா என்ற ஆல்பட்ராஸின் கதை. 1937-ல் ரிச்டேல் காலில் வளையம் போட்டபோதே அது முட்டையிடும் வயசுப் பறவை. கடைசியாக இங்கே பார்த்தது 1989-ல். அறுபது வயதைத் தாண்டியிருக்கும், கடைசிக் காலம் வரை குஞ்சு வளர்த்திருக்கிறது. அதைவிட மூத்தது வட பசிபிக்கில் மிட்வே தீவில் இருக்கிறது, விஸ்டம் என்று பெயர், வேறு இனம், உருவத்தில் சிறியது. 1956-ல் வளையம் போட்டார்கள், 2024-ல்கூட முட்டையிட்டது. "தாத்தாவை விடப் பெரிசா?" என்றான். ஆமாம், உன் தாத்தாவை விடப் பெரியவள்.

சில நடைமுறை விஷயங்கள். படம் எடுப்பதென்றால் காமிரா முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சட்டைதான் படத்தில் வரும். மார்ச்சில்கூட மேலே குளிர் எலும்பைத் தொடும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் குல்லாயும் கையுறையும் கட்டாயம். காற்று அதிகமுள்ள பிற்பகல் நேரம் பொதுவாக நல்லது. காசு செலவழிக்க முடியாதவர்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துப் பாறை விளிம்பிலேயே நிற்கலாம், காற்று நாளில் அங்கேயும் தலைக்கு மேல் போகும். கூடும் குஞ்சும் மட்டும் தெரியாது. வேறொரு ஊரில் படகில் கூட்டிப்போய் மீன் ஈரல் போட்டு ஆல்பட்ராஸ்களைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டுகிறார்கள், அதிலும் போயிருக்கிறேன். கிட்டத்தில் பார்ப்பதற்கு அது. ஒரு பறவையின் வாழ்க்கையைப் பார்க்க இதற்குத்தான் வர வேண்டும். அந்தி வரை இருக்க முடிந்தால் கீழே பைலட்ஸ் கடற்கரையில் நீலப் பெங்குவின்கள் கரையேறுவதற்குத் தனி டிக்கெட் உண்டு.

இதை நான் எழுதுகிற இப்போது பார்வைக் கூடம் மூடியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை மூடிவிடுவார்கள், திரும்பி வரும் ஜோடிகள் தொந்தரவில்லாமல் கூடு கட்டட்டும் என்று. அதுவரை இயற்கைப் பாதுகாப்புத் துறை 2016-லிருந்து வைத்திருக்கும் நேரலைக் காமிராவில் ஒரு கூட்டைப் பார்க்கலாம். இரவு வேலை முடிந்து வந்து தூங்குவதற்கு முன் நான் பார்ப்பது அதைத்தான்.

போன மாதம் இந்தப் பருவத்தின் முதல் பறவை கடலிலிருந்து திரும்பி இறங்கியது. அந்தச் செய்தி வந்தால் டுனீடினில் மணிகள் அடிப்பார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனில் பதிவு பண்ணி அப்பாவுக்கு அனுப்பினேன். தூத்தூரில் அப்போது விடிகாலை. உடனே கூப்பிட்டார். மணி எந்தக் கோயிலுடையது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"எந்தக் காத்துல வந்துச்சு மக்ளே?" என்றார்.

தென்மேற்கு என்றேன்.